பெருமாளுக்கு ஆகாத வாசர்

எங்கள் வீட்டுக்கு முனிசிபாலிட்டிக் குழாய் வந்த அன்று அதற்குச் சந்தனம் தடவி, ஒரு முழம் கதம்பம் சுற்றினார்கள். கற்பூரம் காட்டாததுதான் பாக்கி. புதுப் பித்தளை. முகூர்த்தத்துக்கு ரொம்ப முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்ட சம்பந்தி மாதிரி, முற்றத்து மூலையில் என்ன செய்வதென்று தெரியாமல் பளபளத்துக்கொண்டு நின்றது. கழுத்துப் பூ வாடுவதற்குள் அதைச் சாதியை விட்டுத் தள்ளிவைத்துவிட்டோம்.

நடந்தது இதுதான். குழாயைப் பொருத்திய ஃபிட்டர், தண்ணீர் நூலாக வருவதைப் பார்த்துவிட்டு, மணல் அடைத்திருக்கும் என்று அதன் தலையைத் திருகிக் கழற்றினார். உள்ளேயிருந்து எட்டணாக் காசு அகலத்தில் ஒரு கறுப்பு வில்லை அவர் உள்ளங்கையில் விழுந்தது. என் மாமனார் ரயில்வேயில் ஆடிட் பார்த்து ஓய்வு பெற்றவர். எந்த யந்திரத்தை யார் கழற்றினாலும் பக்கத்தில் போய் நின்று கேள்வி கேட்காவிட்டால் அவருக்குச் சாப்பாடு செரிக்காது. அது என்ன என்று கேட்டார். ஃபிட்டர் நல்ல மனிதர், பொய் சொல்லத் தெரியாது.

“தோலு சாமி.”

மாமனார் பின்வாங்கினார். மாமியார் நிரப்பக் கொண்டுவந்திருந்த குடத்தைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. குழாய்த் தண்ணீரில் கால் அலம்பலாம், முற்றம் கழுவலாம். பாத்திரத்தின் முதல் கழுவலுக்கு ஆகும், கடைசிக் கழுவலுக்கு ஆகாது. தளிகைச் சமையலுக்கும் பெருமாளை நீராட்டும் திருமஞ்சனத்துக்கும் குடிக்கவும் பின்கட்டுக் கிணற்றுத் தீர்த்தம்தான். மாட்டுத் தோல் தொட்ட ஜலம் பெருமாளுக்கு எப்படி ஆகும்?

இந்த விதிகளில் ஒவ்வொன்றையும் வரிக்கு வரி விவாதித்தார்கள். தீர்த்தத்தை யார் இறைப்பது என்பதை மட்டும் யாரும் விவாதிக்கவில்லை. வீட்டில் ஒரே மாட்டுப்பெண் நான்.

அந்த வில்லையைப் பற்றி எனக்கு அப்போதே ஒரு பரிவு. வாசர் என்பார்கள். குழாயைத் திருகினால் உள்ளே ஒரு தண்டு இறங்குகிறது. தண்டின் அடியில் இது இருக்கிறது. பித்தளையைப் பித்தளையோடு என்னதான் அழுத்தினாலும் நடுவில் மயிரிழை இடைவெளி இருக்கும், தண்ணீர் அதைக் கண்டுபிடித்துவிடும். பிடிவாதக்காரர்கள் இரண்டு பேருக்கு நடுவில், நசுங்கிக் கொடுக்கிற ஒன்று வேண்டும். புக்ககத்தில் நான்கு மாதம் இருந்த எந்தப் பெண்ணும் இந்த விஞ்ஞானத்தைச் சுலபமாகப் புரிந்துகொள்வாள். காவிரி மணலுக்கு அடியில் ஊறி, யந்திரத்தில் ஏறி, உயரத் தொட்டியில் தேங்கி, தெருத் தெருவாக இறங்கி வருகிற அத்தனை தண்ணீரும் கடைசியில் அந்தக் காசளவு தோலின் முதுகில் சாய்ந்துகொண்டு நிற்கிறது. அது ஒரு முனகல்கூட இல்லாமல் தாங்குகிறது. கிழிந்தால்தான் அப்படி ஒன்று இருந்ததே தெரிகிறது.

எந்தத் தோலுமே ஆகாது என்றிருந்தால் நானும் பேசாமல் இருந்திருப்பேன். ஸ்ரீரங்கத்தில் தோல் இல்லாமல் ஒரு பொழுது விடிந்ததாக எனக்கு நினைவில்லை. சந்நிதி வாசலில் பெருமாளை எழுப்புகிற மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் தோல். மாமனார் ஜபத்துக்கு உட்காருவது மான் தோலில். அக்கரை மண்ணச்சநல்லூரிலிருந்து மூட்டையாக வரும் அரிசி இருக்கிறதே, அந்த நெல்லுக்கு மேட்டு நிலத்தில் மாடு கட்டிக் கமலை இறைத்திருந்தால் சாலின் அடியில் தண்ணீரைக் கொட்டத் தொங்குவது தோல் தும்பி. மில்லில் அரைத்தபோது சக்கரத்தைச் சுற்றியது தோல் பெல்ட். ஆக, சத்தம் போடுகிற தோல் சுத்தம், உட்காருகிற தோல் சுத்தம், தூரத்தில் சுற்றுகிற தோல் சுத்தம். வாயை மூடிக்கொண்டு வேலை செய்கிற தோலுக்கு மட்டும் தீட்டு. இதை ஒருநாள் என் கணவரிடம் சொன்னேன். அவர் பொன்மலை ஒர்க்‌ஷாப்புக்கு விடியுமுன் சைக்கிளில் போய், பொழுது சாய்ந்து கிரீஸ் கையோடு திரும்புகிறவர். “அப்பாகிட்ட நீயே சொல்லிப் பாரேன்” என்று ரொம்பத் தைரியமாகச் சொன்னார்.

நான் சொல்லவில்லை. நாள் ஓடியது. கயிறு ஏறி இறங்கியது. அந்தக் கோடையில்தான் எனக்கு வேலை கிடைத்தது.

திருச்சியில், தெப்பக்குளத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளி. தமிழ் டீச்சர். கல்யாணத்துக்கு முன்பே படித்து முடித்து, டிரங்குப் பெட்டியின் அடியில் பட்டுப்புடவைகளுக்குக் கீழே வைத்திருந்த படிப்புக்கு ஒரு வழியாக மூச்சு வந்தது. தலைமையாசிரியை கண்டிப்பானவர். பிரேயர் மணி அடித்த பிறகு வருகிற டீச்சர் தமக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். பள்ளி திறப்பதற்குள் நான் பதில் சொல்ல வேண்டும். அந்த மணிக்கு முன் போய் நிற்க வேண்டுமானால் காலை டவுன் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். குளித்து, மடிப்புடவை கட்டி, தீர்த்தம் நிரப்பி, மறுபடி புடவை மாற்றி அந்த பஸ்ஸைப் பிடிக்கக் காலில் சக்கரம் வேண்டும்.

மாமனார் மறுக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. அவர் முற்போக்கு. பெண்கள் வேலைக்குப் போக வேண்டும் என்று வாசலில் நின்று நாலு பேருக்குச் சொல்லுவார்.

“பேஷாப் போகலாமே. தீர்த்தத்தை ரொப்பிட்டுப் போயேன்.”

கோடையில் எங்கள் கிணறு ஆற்றோடு சேர்ந்து கீழே போகும். மேட்டூர் அணை திறக்கும்வரை காவிரியில் மணல்தான் ஓடும். கயிறு போய்க்கொண்டே இருக்கும், குடம் எங்கேயோ பாதாளத்தில் தட்டும், இழுத்துப் பார்த்தால் முக்கால் குடம். ஒருநாள் பரீட்சையாக, பள்ளிக்குப் போவது மாதிரியே எழுந்து, அண்டாவும் தவலையும் நிரப்பி, புடவை மாற்றி, பஸ் நிறுத்தத்துக்கு ஓடினேன். பஸ்ஸின் பின்பக்கம் நன்றாகத் தெரிந்தது. மறுநாளும் அதே பின்பக்கம்.

இதற்கு நடுவில் எங்கள் வீட்டில் இன்னொரு யந்திரம் சகல மரியாதையோடும் வாழ்ந்துகொண்டிருந்தது. பம்ப் ஸ்டவ். மாமனாரே பெரிய கடைவீதியில் பார்த்துப் பார்த்து வாங்கியது. பித்தளை வயிறு, மூன்று கால், தலையில் கிரீடம். அதற்கு அவர் சூட்டிய பெருமை கொஞ்சமில்லை. விறகடுப்பை ஊதுகுழலால் ஊதவேண்டும், ஊதினால் எச்சில் படும், எச்சில் பட்ட அக்கினியில் தளிகை செய்வது சிலாக்கியமில்லை. இதிலே ஊதல் கிடையாது, சாம்பல் கிடையாது, மனுஷ மூச்சே படாத நெருப்பு. குளிர் தேசத்துக்காரன் எவனோ செய்திருந்தாலும் அவனுக்குள் ஆசாரம் இருந்திருக்கிறது என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். எங்கள் வீட்டு ரசமான சாத்தமுது கொதிப்பது அதில்தான். பெருமாளுக்குப் பால் காய்ச்சுவதும் அதில்தான்.

வைகாசியில் ஒரு துவாதசி. முந்தின நாள் ஏகாதசி உபவாசம். மாமனார் சீக்கிரம் பாரணை செய்து உபவாசத்தை முடிக்க வேண்டும், அதற்கு முன் தளிகையாகிப் பெருமாளுக்கு அமுது செய்விக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து ஸ்டவ் படுத்துவிட்டது. பம்ப் அடிக்க அடிக்கத் தண்டு வெண்ணெயில் போவது மாதிரிப் போய் வந்தது. உள்ளே காற்று ஏறவே இல்லை. மஞ்சளாக ஒரு ஜ்வாலை எழுந்து, புகைந்து, அவிந்தது. கூடத்திலிருந்து மாமனாரின் கனைப்பு கேட்டது. ஒருநாள் முழுக்கப் பட்டினி கிடந்த மனிதரின் கனைப்பில் கொஞ்சம் சாபமும் இருக்கும்.

நான் பம்பின் மூடியைத் திருகித் தண்டை உருவினேன். நுனியில் ஒரு சின்னக் கிண்ணம் மாதிரி, வறண்டு சுருங்கிப்போய், தோல்.

குழாயில் இருந்ததைவிடக் கெட்டிக்காரத் தோல் இது. தண்டை உள்ளே தள்ளும்போது அதன் உதடு விரிந்து சுவரோடு ஒட்டிக்கொள்ளும், காற்று தப்பாது. வெளியே இழுக்கும்போது உதடு மடங்கும், புதுக் காற்றை உள்ளே விடும். கதவும் அதுதான், காவல்காரனும் அதுதான். மனுஷ மூச்சே படாத அந்த ஆசார நெருப்புக்கு இத்தனை வருஷமாக மூச்சு கொடுத்துக்கொண்டிருந்தது ஒரு மாட்டின் மிச்சம். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிப்புக்குப் பின்னாலேயே இன்னொன்றும் வந்தது. சாட்சி கையில் கிடைத்துவிட்டது. இனிமேல் குழாயை எப்படி மறுப்பார்?

நிமிர்ந்தால் மாமியார் நின்றுகொண்டிருக்கிறார். என் கையிலிருந்து தண்டை வாங்கினார். நல்லெண்ணெய்க் கிண்ணத்தில் விரலைத் தோய்த்து, குழந்தைக்கு எண்ணெய் வைப்பது மாதிரி, அந்தத் தோலின் உதட்டைச் சுற்றி நீவி நீவி விட்டார். புதிதாகக் கற்ற கை அல்ல அது.

“பாத்துட்டியோன்னோ. பாத்தாச்சுன்னா மூடு.”

“அப்பாகிட்ட சொல்லிடலாமேம்மா. இதுக்கு ஆகும்னா அதுக்கும்...”

“அசடு. நீ சொன்னா குழாய் உள்ள வராதுடி, ஸ்டவ் வெளில போயிடும். அவரை நேக்குத் தெரியாதா? அப்பறம் நீ தீர்த்தமும் இறைச்சு, விறகும் ஊதிண்டு இருப்பே.”

ஸ்டவ் மூச்சு பிடித்து, நீலமாகச் சீறியது. மாமனார் பாரணை ஆயிற்று. சாத்தமுதை இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

மாமியார் சொன்னது சரி என்பதுதான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது. ஆடிட்காரரிடம் ஒரு தப்பைக் காட்டி இன்னொரு தப்பை அனுமதிக்கச் சொல்ல முடியாது. இரண்டையும் அடித்துவிடுவார். வேறு வழி தேடினேன். தோல் ஆகாது என்றால், தோல் இல்லாத வாசர் இருக்குமா என்று மறுநாள் ரொம்பச் சாதுவாகக் கேட்டேன். மாமனாரின் கண்ணில் பல்பு எரிந்தது. சாஸ்திரமும் யந்திரமும் சேர்ந்து வருகிற கேள்வி அவருக்கு வடை பாயசம். அன்றைக்கே புறப்படலாம் என்றார். வாசலில் மாமியார் என் காதோரம், ஸ்டவ் பக்கம் பேச்சு போகாமல் பார்த்துக்கொள் என்று சொல்லி அனுப்பினார்.

ஸ்டவ் வாங்கிய அதே கடைக்குத்தான் போனார். நான் வேறு கடைகளைக் காட்டிக் காட்டிப் பார்த்தேன், நடக்கவில்லை. கடைக்காரர் ஒரு ராவுத்தர். தொப்பி, கண்ணாடி, வெற்றிலைச் சிரிப்பு. விஷயத்தைக் கேட்டதும், ஸ்ரீரங்கத்திலிருந்து இதற்காகவே ஆள் வந்துகொண்டிருப்பதாகச் சொல்லி ஒரு டப்பாவைக் கவிழ்த்தார். ரப்பர் வில்லைகள் கடகடவென்று விழுந்தன.

மாமனார் ஒன்றை எடுத்து முகர்ந்தார். நசுக்கினார். வெயிலில் பிடித்துப் பார்த்தார்.

“இது எதுலேர்ந்து பண்றா?”

“மரத்துப் பாலு சாமி. மலையாளத்து மரம். சுத்த சைவம். நீங்க மென்னே தின்னலாம்.”

மாமனார் பரம திருப்தியோடு, அளவுக்குக் கொஞ்சம் பெரிதாகவே ஒன்றைப் பொறுக்கினார். பெரிதாக இருந்தால் கசியாது என்பது அவர் கணக்கு. நான் பெருமூச்சு விடத் தொடங்கினேன். பாதி மூச்சில் கடைக்காரர் கேட்டார்.

“ஸ்டவ்வு நல்லா எரியுதுங்களா? அம்மாவை ரெண்டு மாசமாக் காணோம். பம்ப் வாசர் வாங்க வருவாங்களே, ஒண்ணு தரட்டுமா?”

கேட்டுக்கொண்டே ஒரு அட்டையை எடுத்து வைத்தார். அதில் வரிசையாக, சின்னச் சின்னக் கிண்ணங்கள்.

மாமனார் அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி அட்டையை.

“இது தோலா?”

“ஆமா சாமி. ரப்பர் போட்டா மண்ணெண்ணெய்க்கு ஊதிப்போயிரும். தோலுதான் நிக்கும்.”

அவர் குழாய் வாசரை மட்டும் மடியில் முடிந்துகொண்டு இறங்கிவிட்டார். பஸ் காவிரிப் பாலத்தின்மேல் வரும்போது எல்லோரும் கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். அவர் கீழே மணலையே பார்த்துக்கொண்டிருந்தார். என் வேலை, அந்தப் பிரேயர் மணி, கறுப்புப் பலகை, சாக்பீஸ் வாசனை எல்லாம் அந்த மணலில் வெயிலில் காய்ந்துகொண்டிருந்தன.

வீட்டுக்கு வந்ததும் நேரே தளிகையறை வாசலில் போய் நின்றார். மாமியார் அரிசி களைந்துகொண்டிருந்தார்.

“அந்த ஸ்டவ்வுக்குள்ள என்ன இருக்குன்னு நோக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்போலேர்ந்து?”

“அது வந்த வாரத்துலேர்ந்து.”

“ஏன் சொல்லலை?”

“நீங்க கேக்கலையே. குழாயைத்தானே கேட்டேள்.”

“பெருமாளுக்கு அமுது பண்ணினதெல்லாம் அதுலதானேடி.”

“அவர் ஒண்ணும் சொல்லலையே. நீங்கதான் ரெண்டாம் தரம் கேட்டுக் கேட்டு வாங்கிண்டேள்.”

அவர் போய் மான் தோலில் உட்கார்ந்துவிட்டார். ஜபமா யோசனையா என்று தெரியவில்லை. மாமியார் ஸ்டவ்வைத் தூக்கிக் கொல்லையில் வைத்தார். பரணிலிருந்து பழைய ஊதுகுழலை இறக்கித் துடைத்து என் கையில் கொடுத்தார். அன்று ராத்திரித் தளிகை விறகில். ஈர விறகு. நான் ஊதினேன், புகைந்தது. ஊதினேன், கண் எரிந்தது. அவ்வப்போது வேண்டுமென்றே கூடத்துப் பக்கம் திரும்பி இருமினேன் என்று சொன்னால் அது பொய்யாகாது. மாமனாரின் ராத்திரிப் பால் தாமதமாகவும் புகை நாற்றத்தோடும் போயிற்று. மறுநாள் காலைக் காப்பியும் அப்படியே. நாக்குக்கு முன்னால் சாஸ்திரம் எத்தனை நேரம் நிற்கும் என்று மாமியாருக்குத் தெரிந்திருந்தது. காப்பிக்கு அந்த மனிதர் முகத்தைச் சுளித்ததை அவர் பார்க்காதது போலவே பார்த்தார்.

பத்து மணி வாக்கில் மான் தோலிலிருந்து தீர்ப்பு வந்தது. எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டார். குரலில் ஆடிட் ஆபீஸின் கம்பீரம் திரும்பியிருந்தது.

ஸ்டவ்வில் தோலைத் தொடுவது எது? காற்று. காற்றுக்குத் தீட்டு கிடையாது, வாயு பகவான் எல்லாவற்றையும் தொட்டுச் சுத்தம் பண்ணுகிறவர். ஆகையால் ஸ்டவ்வுக்குத் தோஷமில்லை. குழாயில் தோலைத் தொட்டது ஜலம், அது தோஷம்தான், தாம் சொன்னது சரிதான். ஆனால் இப்போது மரத்துப் பாலில் வாசர் வந்துவிட்டபடியால் அந்தத் தோஷமும் போயிற்று. தளிகைக்குக் குழாய்த் தீர்த்தம் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படி ஒரு தர்க்கத்தை என் வகுப்பில் பிள்ளைகள் எழுதிக் கொடுத்திருந்தால் சிவப்பு மையில் சுழித்திருப்பேன். அன்றைக்கு விழுந்து சேவித்தேன். எழுந்திருப்பதற்குள் அவர் முகத்தில் மறுபடி ஒரு நிழல்.

“தெருவுல ஒரு வால்வ் இருக்கே. அதுக்குள்ள என்ன போட்டிருப்பான்? பம்ப் ஹவுஸ்ல...”

மாமியார் முடிக்க விடவில்லை.

“வாசப்படிக்கு வெளில இருக்கறதெல்லாம் பெருமாள் பாடு. நீங்க வாசரை மாத்துங்கோ.”

அவரே மாற்றினார். ஃபிட்டரைக் கூப்பிடுவதாக நான் சொன்னதை அவமானமாக எடுத்துக்கொண்டு, பஞ்சகச்சத்தை இறுக்கி, ஸ்பானரோடு உட்கார்ந்தார். பெரிய ரப்பர் வில்லையைக் கட்டை விரலால் அமுக்கித் திணித்து, தலையைத் திருகி மூடினார். திறந்தால் தண்ணீர் வந்தது, மூடினால் ஒரு சொட்டு கசியவில்லை. நான் பள்ளிக்கு வருவதாகச் சொல்லி அனுப்பினேன்.

பள்ளி திறந்த நாள் காலை. குளித்து, ஈர மடிப்புடவையோடு குடத்தைக் குழாயின் கீழ் வைத்துத் திருகினேன். திருகு சுற்றியது. தண்ணீர் வரவில்லை. இன்னும் சுற்றினேன். உள்ளே எங்கேயோ ஒரு சீறல், அவ்வளவுதான். மாமனார் ஓடி வந்து இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அளவுக்கு மிஞ்சிய அந்த ரப்பர், ராத்திரி அவர் இறுக்கி மூடியதில், துளையின் வாயில் போய்ச் சப்பென்று ஒட்டிக்கொண்டுவிட்டது. தண்டு மேலே வருகிறது, வாசர் வர மாட்டேன் என்கிறது. கசியாமல் இருப்பதில் அது காட்டிய வைராக்கியத்துக்கு எல்லையே இல்லை.

திரும்பக் கழற்றி மாட்ட நேரம் பிடிக்கும். நான் குடத்தை எடுத்துக்கொண்டு கொல்லைப் பக்கம் நடந்தேன். பஸ்ஸின் பின்பக்கம் கண்ணில் தெரியத் தொடங்கிவிட்டது. பிரேயர் மணியும் காதில் அடித்துக்கொண்டிருந்தது.

கிணற்றடியில் கயிற்றைக் கையில் எடுத்தபோது பின்னால் அவர் குரல்.

“அதை வை. நீ போய்ப் புடவையை மாத்திண்டு கிளம்பு.”

“உங்களுக்கு இறைச்சுப் பழக்கமில்லையேப்பா.”

“பஸ் போயிடும். போ.”

நான் போனேன். புடவையைச் சுற்றி, கொண்டையைச் செருகி, செருப்பைத் தேடிக்கொண்டு ரேழிக்கு வரும்போது பின்கட்டில் ராட்டினம் கிறீச்சிட்டது. என் கைக்கு அது பாடுகிற ராகம் வேறு. இது நின்று, திணறி, வழுக்கி, மறுபடி தொடங்கியது. குடம் எங்கேயோ கிணற்றுச் சுவரில் இடித்தது. பிறகு மாமனாரின் குரல், மூச்சு வாங்கி, யாரையோ குற்றம் சாட்டுவது போல:

“ஏண்டி, இவ்வளவு ஆழமா இது? தினம் இவ்வளவு ஆழமா?”

“கோடைன்னா இவ்வளவும் போகும். இழுங்கோ” என்றார் மாமியார்.

நான் தெருவில் இறங்கி ஓடினேன்.